நிரம்பி வழிந்த கிடங்கு, காலி அலமாரி: டார்கெட் கனடாவின் ஐட்டம் மாஸ்டர்

அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் 2011 ஜனவரியில் கனடாவுக்குள் நுழையப்போவதாக அறிவித்தது. ஹட்சன்ஸ் பே நிறுவனத்திடமிருந்து ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமையை 182.5 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. 2013 மார்ச்சில் ஒண்டாரியோ மாகாணத்தின் குவெல்ஃப், ஃபெர்கஸ், மில்டன் ஆகிய மூன்று ஊர்களில் முதல் கடைகள் திறந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் கடைகள் 124 ஆயின. 2013 நிதியாண்டில் கனடா பிரிவின் நட்டம் 94.1 கோடி அமெரிக்க டாலர். 2015 ஜனவரி 15 அன்று 133 கடைகளையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 17,600 பேருக்கு வேலை போனது. அந்த ஏப்ரலில் கடைசிக் கடையும் பூட்டப்பட்டது.

தோல்விக்குக் காரணங்கள் பல. அமெரிக்க டார்கெட்டைவிட விலை அதிகம் என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஜெல்லர்ஸ் கடைகள் பலவும் டார்கெட்டின் அமைப்புக்கு ஒத்துவராத இடங்களில் இருந்தன. ஆனால் கடைக்குள் வந்தவர் கண்ணில் முதலில் பட்டது காலி அலமாரி. அதே நேரத்தில் மில்டன், கார்ன்வால், கால்கரி ஆகிய மூன்று விநியோகக் கிடங்குகளும் சரக்கால் திணறிக்கொண்டிருந்தன. சரக்கே இல்லாமல் அலமாரி காலியாக இருந்தால் அது கொள்முதல் பிரச்சினை. கிடங்கு வழியும்போது அலமாரி காலியாக இருந்தால், பெரும்பாலும் ஐட்டம் மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு பொருளின் அளவு, விலை, குறியீடு போன்ற விவரங்கள் கணினியில் இருக்கும் பதிவேட்டில்தான் கை வைக்க வேண்டும்.

முன்னாள் ஊழியர்கள் பலரிடம் பேசி கனடியன் பிசினஸ் இதழ் 2016இல் வெளியிட்ட நெடுங்கட்டுரை, உள்ளே நடந்ததை வெளிக்கொண்டுவந்தது. டார்கெட் கனடாவின் உள்விவரங்கள் இங்கே அதிலிருந்தே எடுக்கப்பட்டவை. கணக்குகளும் தீர்வுகளும் நம்முடையவை.

75,000 பொருள், புதிய மென்பொருள், இரண்டு ஆண்டு

அமெரிக்க டார்கெட் பல ஆண்டுகளாகச் செதுக்கிய சொந்த மென்பொருளில் ஓடியது. அது கனடிய டாலரையும், மேல்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளையும் கையாளும்படி எழுதப்பட்டதல்ல. மாற்றி எழுத நாள் பிடிக்கும் என்பதால் கனடாவுக்கென்று எஸ்ஏபி என்ற ஆயத்த வணிக மென்பொருள் வாங்கப்பட்டது. தேவைக் கணிப்புக்கும் மறுநிரப்பலுக்கும் (விற்றுத் தீர்வதற்கு ஏற்பக் கடைக்குச் சரக்கு அனுப்புவதற்கும்) ஜேடிஏ, கிடங்குக்கு மான்ஹாட்டன், கல்லாவுக்கு ரீடாலிக்ஸ் என்று அதன் மேல் மற்ற மென்பொருள்கள் பொருத்தப்பட்டன. எல்லாமே ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் குடித்தன: ஒவ்வொரு பொருளுக்கும் எஸ்ஏபியில் ஏற்றப்பட்ட பதிவு.

அப்படி ஏற்ற வேண்டியவை சுமார் 75,000 பொருள்கள். பழைய மென்பொருளிலிருந்து அப்படியே கொட்டிவிட முடியாது. அங்கே அங்குலம், இங்கே சென்டிமீட்டர், நாணயம் வேறு, சுங்கக் குறியீடு வேறு, லேபிளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும். எனவே புதிதாகத் தட்டினார்கள். தட்டியவர்கள் பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் உதவியாளர்கள். சப்ளையர் அனுப்பிய தகவலைச் சந்தேகிக்கத் தெரியும் அளவுக்கு அவர்களுக்குப் பழக்கமில்லை. தேதியோ நெருக்கிக்கொண்டிருந்தது. குத்தகைக்கு எடுத்த கடைகள் சும்மா கிடந்தால் வாடகை ஓடும்.

பிழைகள் தலைகாட்டின. அளவுகள் சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலத்தில் இருந்தன. நீளம், அகலம், உயரம் வரிசை மாறிப்போயிருந்தது. நாணயம் தவறு, விவரணை மொட்டை, சுங்கக் குறியீடு காலி, எங்கு பார்த்தாலும் எழுத்துப்பிழை. சரிபார்க்க இறங்கிய குழு கண்டது: கணினியில் இருக்கும் தகவல் 30 சதவீத அளவுக்குத்தான் சரி. அமெரிக்காவில் அது 98-99 சதவீதம்.

ஒரே ஒரு பெட்டி

அலகு மாறுவது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஒரு பொம்மைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உயரம் 12 அங்குலம், அகலம் 8, ஆழம் 6, எடை 2.4 கிலோ. சென்டிமீட்டரில் இது 30.48, 20.32, 15.24. கடையில் அதற்கு ஒதுக்கிய அலமாரித் தட்டு 120 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், மேல்தட்டுவரை 35 செ.மீ. உயரம்.

நிஜத்தில் அகலவாட்டில் 5, ஆழவாட்டில் 2, ஒரே அடுக்கு. மொத்தம் 10 பெட்டி.

உதவியாளர் 12, 8, 6 என்பதை அப்படியே சென்டிமீட்டர் கட்டத்தில் அடித்துவிட்டார் என்றால் மென்பொருளின் கணக்கு இப்படி ஓடும்: அகலத்தில் 15, ஆழத்தில் 6, உயரத்தில் 2. மொத்தம் 180. பத்தே பிடிக்கும் தட்டுக்கு 180 வரை அனுப்பலாம் என்று மறுநிரப்பல் நினைக்கும். மிச்சம் 170 கடையின் பின்னறையில் குவியும்.

இன்னொருவர், சப்ளையர் ஏற்கெனவே சென்டிமீட்டரில் கொடுத்ததை அங்குலம் என்று நினைத்து மறுபடி 2.54ஆல் பெருக்கிவிட்டார். உயரம் 77.4 செ.மீ. ஆகிவிடும். 35 செ.மீ. இடைவெளியில் ஒன்றுகூட நுழையாது. அலமாரிக் கொள்ளளவு பூஜ்யம், அனுப்ப வேண்டியதும் பூஜ்யம். சரக்கு கிடங்கில் தூங்கும், அலமாரி காலியாக இருக்கும், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. ஒரே பிழை இரண்டு திசையில் நடந்தால் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் வறளும்.

கண்டெய்னரில் நிலைமை இன்னும் மோசம். அங்குலத்தைச் சென்டிமீட்டராக எழுதினால் கன அளவு 2.54இன் மும்மடிப் பெருக்கமான 16.4 மடங்கு சுருங்கும். 9,439 கன செ.மீ. பெட்டி 576 கன செ.மீ. ஆகத் தெரியும். ஒரு கண்டெய்னரில் அடங்கும் என்று திட்டமிட்ட சரக்குக்கு 16 கண்டெய்னர் வேண்டும் என்பது ஏற்றுமதித் துறைமுகத்தில்தான் தெரியவரும். டார்கெட்டின் வெளிநாட்டுச் சரக்கு சில, திட்டமிட்டபடி கண்டெய்னரில் அடங்காமல் தேங்கியதும் உண்மைதான்.

வரிசை மாறுவது இன்னும் வஞ்சகமான பிழை. அகலத்தையும் ஆழத்தையும் மாற்றி எழுதினால் கன அளவு துளியும் மாறாது. ஆகவே கன அளவை வைத்துச் சரிபார்க்கும் எந்தச் சோதனையிலும் அது மாட்டாது. ஆனால் தட்டில் 10க்குப் பதில் 7தான் பிடிக்கும் என்று கணினி சொல்லும். இதற்கு, பார்கோடு தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1 வகுத்த அளவு விதி இருக்கிறது. கடையில் விற்கும் அலகுக்கு (ஒற்றைப் பொருளுக்கு) முதலில் முகப்பு எது என்று தீர்மானிக்க வேண்டும். பரப்பு அதிகமுள்ள பக்கமே முகப்பு. அதைப் பார்த்து நின்றால் மேல்கீழ் உயரம், இடவலம் அகலம், முன்பின் ஆழம். மொத்த அட்டைப்பெட்டிக்கு விதி வேறு: அடிப்பாகத்தின் நீண்ட பக்கம் ஆழம், குட்டைப் பக்கம் அகலம். இந்த இரண்டு விதியும் ஒரே படிவத்தில் ஒரே தலைப்பின் கீழ் வந்தால், விதி தெரிந்தவரும் தடுமாறுவார். படிவத்தில் ‘நீளம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, படம் போட்டு, அலகுக்கும் பெட்டிக்கும் தனித்தனிக் கட்டம் வைப்பது மேல்.

30 சதவீதம் என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

30 என்றதும் பத்தில் ஏழு எழுத்தைத் தவறாக அடித்த கூட்டம் கண்முன் வரும். அப்படி இருக்கத் தேவையே இல்லை. ஒரு பொருளுக்கு 50 கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் 98 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதும் சரியாக உள்ள பதிவு எத்தனை? 0.98ஐ ஐம்பது முறை பெருக்கினால் 0.364. அதாவது 36 சதவீதம். கட்டத்துக்கு 97.6 சதவீதம் என்றால் 30க்கு வந்துவிடும். நூறு கட்டத்தில் இரண்டு மூன்று தவறுகிற, சராசரிக் கவனமுள்ள ஆள் தட்டினாலே போதும். பெரும்பாலான பொருள்களில் ஏதோ ஒரு கோளாறு இருக்கும்.

திருப்பிக் கேட்டால் இன்னும் உறைக்கும். முழுப்பதிவும் 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு கட்டமும் 99.96 சதவீதம் சரியாக வேண்டும். பத்தாயிரம் கட்டத்துக்கு நான்கு தவறு. கையால் தட்டி, கண்ணால் பார்த்து இதை எட்ட முடியாது. ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்ற சுற்றறிக்கையால் தரவு சீராகாததற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். கட்டங்களைக் குறைக்க வேண்டும், அல்லது இயந்திரம் தடுக்க வேண்டும்.

எந்த நிறுவனத்திலும் ‘எங்கள் தரவு 95 சதவீதம் சரி’ என்று யாராவது சொன்னால், கட்டக் கணக்கா பதிவுக் கணக்கா என்று முதலில் கேளுங்கள். கட்டக் கணக்கில் 95 என்றால், 50 கட்டப் பதிவுகளில் முழுக்கச் சரியானவை 8 சதவீதம்கூடத் தேறாது.

தரவு வாரம்

கடைகள் திறக்கும் முன்பே டார்கெட் கனடா ஒரு ‘தரவு வாரம்’ நடத்தியது. மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, கொள்முதல் ஆள்கள் ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு தகவலையும் சப்ளையரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரு கொள்முதலாளரிடம் 1,500 பொருள் இருக்கலாம்; பொருளுக்கு 50 முதல் 80 கட்டம்.

பெருக்கிப் பாருங்கள். குறைந்தபட்சம் 75,000 கட்டம். கட்டத்துக்கு அரை நிமிடம் என்றாலும் 625 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் பதினைந்தரை வாரத்து வேலை. அதை ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பார்த்ததாக டிக் போடுவார்கள். சப்ளையருக்கு மொத்தமாக எக்செல் அனுப்புவார்கள். சப்ளையரின் அலுவலகத்தில் அதே அவசரத்தில் இன்னொருவர் ‘சரி’ என்று திருப்பி அனுப்புவார். அனுபவசாலிகள் சிலர் முன்யோசனையாகச் சரிபார்த்த தகவலைத் தனியே சேமித்து வைத்திருந்தார்கள்; அவர்களுக்கு வேலை சுலபமாயிற்று. தனிமனிதரின் கோப்பில் இருந்த நம்பகமான நகல், நிறுவனத்தின் அமைப்பில் இல்லை என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது.

போதாக்குறைக்கு, எஸ்ஏபியை நிறுவியபோது சோதனைக்காகப் போட்ட போலித் தகவல்கள் அழிக்கப்படாமல் உண்மைப் பதிவுகளோடு கலந்து கிடந்தன. அவற்றை வரிவரியாகத் தேடிக் களைய வேண்டியிருந்தது. சோதனைப் பதிவுகளுக்கு முதல் நாளிலேயே தனி எண் வரிசை ஒதுக்கி, நேரடிப் பயன்பாடு தொடங்கும் முன் அந்த வரிசையை முழுக்க அழித்து, மீதம் பூஜ்யம் என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அரை நாள் வேலை.

பெருந்துப்புரவு வாரங்கள் மேல் நமக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை துடைத்த தரவு, அதைக் கெடுத்த அதே வழியாகத் திங்கட்கிழமை மறுபடி கெடத் தொடங்கும். ஒருவேளை துடைத்தே ஆக வேண்டுமென்றால் வரிசை முக்கியம். 75,000ஐயும் ஒன்றாக எடுக்கக் கூடாது. அடுத்த எட்டு வாரத்தில் எதற்கெல்லாம் ஆர்டர் போகப்போகிறதோ அந்தப் பொருள்கள் முதலில். அவற்றிலும் சரக்கை நகர்த்தும் 12 முதல் 15 கட்டங்கள் மட்டும். கடை அலகின் பார்கோடு, மொத்தப் பெட்டியின் பார்கோடு, ஒரு பெட்டியில் எத்தனை, அலகுக்கும் பெட்டிக்கும் மூன்று அளவுகள், எடை, கொள்முதல் விலை, நாணயம், சுங்கக் குறியீடு, உற்பத்தி நாடு, லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்துசேரும்வரை ஆகும் நாள்). நிறத்தின் பெயரும் விளம்பர வாசகமும் பின்னால் வரட்டும். அவை தவறினால் வருத்தம். இவை தவறினால் லாரி நிற்கும்.

பெட்டிக்குள் எத்தனை

அளவுக்கு அடுத்தபடி அதிகச் சேதம் செய்வது கேஸ் பேக், அதாவது ஒரு மொத்தப் பெட்டியில் உள்ள எண்ணிக்கை. சப்ளையர் 12 வைத்து அனுப்புகிறார், கணினியில் 10 என்று இருக்கிறது. கிடங்கு ஊழியர் ஸ்கேன் செய்தால் எண்ணிக்கை பொருந்தாது. மென்பொருள் வரவு வைக்க மறுக்கும். சரக்கு ‘பிரச்சினை மூலைக்கு’ப் போகும். அந்த மூலை நிரம்பினால் நல்ல சரக்குக்கும் இடமில்லை. டார்கெட்டின் கிடங்குகளில் சரக்கு வந்தும் கடைக்கு அனுப்ப முடியாமல் முடங்கியது இப்படித்தான். நம் ஊர்க் குடோன்களிலும் டஜன் கணக்கில் வாங்கி, பீஸ் கணக்கில் விற்று, பெட்டிக் கணக்கில் ஸ்டாக் எடுப்பவர்களுக்கு இந்த மூலையைத் தெரியாமலிருக்காது.

இதைப் பிடிக்க எடையே போதும். ஓர் அலகு 350 கிராம், பெட்டி 4.4 கிலோ. பன்னிரண்டு என்றால் 4.2 கிலோ, மீதி 200 கிராம் அட்டை, பொருந்துகிறது. பத்து என்று எழுதியிருந்தால் 3.5 கிலோ, 900 கிராம் எங்கிருந்து வந்தது? அலகு எடையை எண்ணிக்கையால் பெருக்கி, பெட்டி எடை அதைவிடக் குறைந்தாலோ 15 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ நிறுத்து என்று ஒரு விதி எழுதினால், கேஸ் பேக் பிழையில் பெரும்பங்கு பதிவிலேயே சிக்கும். கனமான கண்ணாடிப் பாட்டிலுக்குத் தனி வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

அங்குலமும் சென்டிமீட்டரும் மாறிய பிழையைப் பிடிக்க அடர்த்தி. எடையைக் கன அளவால் வகுத்தால் நம் பொம்மைப் பெட்டிக்கு கன செ.மீ.க்கு 0.25 கிராம் வர வேண்டும். அங்குலத்தைச் சென்டிமீட்டராக அடித்தால் 4.2 வரும், அலுமினியத்தின் அடர்த்தியே 2.7தான். இருமுறை பெருக்கியவருக்கு 0.016 வரும்; தெர்மோகோல் கணக்கு. பொருள் வகைவாரியாகக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்தால் இரண்டும் மாட்டும். சலவைத்தூளுக்கு ஒரு வரம்பு, தலையணைக்கு வேறு. வரிசை மாறியதை இது பிடிக்காது. அதற்கு முதல் சரக்கு வரும்போது டேப் பிடித்து அளப்பதைத் தவிர வழியில்லை.

பார்கோடும் எக்செலும்

யூபிசி என்ற 12 இலக்க பார்கோடு, ஈஏஎன் என்ற 13 இலக்க பார்கோடு இரண்டிலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. 036000291452 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 0, 6, 0, 2, 1, 5. கூட்டினால் 14, மூன்றால் பெருக்கினால் 42. கடைசி இலக்கத்தை விட்டு இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 3, 0, 0, 9, 4, கூட்டினால் 16. மொத்தம் 58. அடுத்த பத்தின் மடங்கான 60க்கு 2 குறைகிறது. கடைசி இலக்கமும் 2. ஓர் இலக்கம் மாறினால் இது கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம்மாறினாலும் பெரும்பாலும் காட்டும். வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும், அதாவது 27ஐ 72 என்று அடித்தால், தப்பிவிடும். நான்கு வரி நிரலில் எழுதிவிடக்கூடிய இந்தச் சோதனையைப் பதிவுத் திரையில் வைக்காத நிறுவனங்கள் இன்றும் இருப்பதுதான் ஆச்சரியம்.

சோதனை வைத்த பின்னும் எக்செல் வழியாக எதிரி வருவார். மேலே சொன்ன எண்ணை எக்செல் ‘எண்’ என்று எடுத்துக்கொண்டால் முன்னாலுள்ள பூஜ்யம் போய் 11 இலக்கம் ஆகிவிடும். 890 என்று தொடங்கும் 13 இலக்க இந்திய பார்கோடு, அடுக்குக்குறி வடிவத்தில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் சிஎஸ்வி என்ற வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் திரும்பவே வராது. சப்ளையருக்கு அனுப்பும் படிவத்தில் பார்கோடு நெடுவரிசையை முன்கூட்டியே ‘உரை’ வடிவத்தில் பூட்டி அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் நீளத்தை எண்ணி, 8, 12, 13, 14 தவிர வேறு எது வந்தாலும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்புங்கள். ஒரு வரியை மட்டும் திருத்தினால், மற்ற வரிகளில் என்ன நடந்தது என்று தெரியாது. கனடாவில் ஜிஎஸ்1 கனடாவின் ஈசிசிநெட் பதிவகம் வழியாகச் சப்ளையரே தகவலை ஏற்றும் வழி உண்டு. எக்செலைத் தாண்டிப் போக முடிந்தால் அதுவே நல்லது.

சுங்கக் குறியீட்டுக்கும் எளிய வடிகட்டி உண்டு. கனடாவில் இறக்குமதிக்கு 10 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். அதில் 77 உலகெங்கும் காலியாக விடப்பட்ட அத்தியாயம். 77 என்று தொடங்கினால் யோசிக்காமல் நிறுத்தலாம். வடிவம் சரியாக இருந்து பொருள் தவறாக இருப்பதை மென்பொருள் கண்டுபிடிக்காது. அந்தக் கட்டத்தைச் சுங்க முகவரைத் தவிர வேறு யாரும் நிரப்பக் கூடாது.

கட்டாயக் கட்டம் என்னும் பொறி

தரவு காலியாக இருக்கிறது என்றதும் நிர்வாகம் எடுக்கும் முதல் நடவடிக்கை, எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்குவது. விளைவு: 1, 0, 99, ஒரு புள்ளி, ‘இல்லை’. நிறைவு விகிதம் 100 சதவீதம் ஆகும், தரவு முன்பைவிட மோசமாகும். காலிக் கட்டமாவது தெரியாது என்று நேர்மையாகச் சொன்னது.

இதைத் தோண்ட எளிய வழி: ஒவ்வொரு கட்டத்திலும் அதிகமுறை வரும் பத்து மதிப்புகளை எண்ணிப் பாருங்கள். அளவுக் கட்டத்தில் 1×1×1 மூவாயிரம் முறை வந்தால் அவை அளவல்ல. எல்லாப் பொருளுக்கும் லீட் டைம் 30 நாள் என்றால் அது யாரோ ஒருவர் எக்செலில் இழுத்து நிரப்பிய நெடுவரிசை. மாத இறுதி மாலையில் உருவான பதிவுகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். பொய்கள் அங்கே கூட்டமாக இருக்கும். அப்புறம் ‘தெரியவில்லை’ என்று ஒரு முறையான தேர்வை வைத்து, அது இருக்கும்வரை ஆர்டர் போகாது என்று கட்டுங்கள்.

கண்ணாடியைத் திருப்பிவைத்தவர்கள்

டார்கெட் கனடாவில் கடைகளின் இருப்பு விகிதம் (கடையில் இருக்க வேண்டிய பொருள்களில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) ஒரு கட்டத்தில் அறிக்கைகளில் நன்றாகத் தெரிந்தது. கடைக்குப் போனால் அலமாரி காலி. காரணம் ஒரு ஸ்விட்ச். ஒரு பொருளுக்குத் தானியங்கி மறுநிரப்பலை நிறுத்தி வைத்தால், அது தீர்ந்துபோனாலும் ‘இருப்பில் இல்லை’ என்ற கணக்கில் சேராது. இருப்பு விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆய்வாளர்கள் சிலர் அந்த ஸ்விட்சை அணைத்தார்கள். பின்னர் யார், எப்போது அணைத்தார், போட்டார் என்று காட்டும் கருவி உருவாக்கப்பட்ட பிறகே இது வெளிச்சத்துக்கு வந்தது.

அவர்களை அயோக்கியர்கள் என்று சொல்லத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அளவுகள் தவறு, கணிப்பு தவறு, சரக்கு மூலையில் கிடக்கிறது, ஆனால் விகிதம் குறைந்தால் திட்டு அவர்களுக்கு. கையில் எட்டிய ஒரே நெம்புகோலை அழுத்தினார்கள். குற்றம், விகிதத்தின் வகுக்கும் எண்ணை அந்த விகிதத்தால் மதிப்பிடப்படுபவரே மாற்றும்படி விட்டதில். எந்தத் தர அளவுகோலுக்கும் இரண்டு எண்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும்: விகிதம், மற்றும் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட பொருள்களின் எண்ணிக்கை. விகிதம் உயரும்போது விலக்கமும் உயர்ந்தால் விஷயம் புரிந்துவிடும். ஸ்விட்சை மாற்ற உரிமையுள்ளவரும் அதன் விளைவால் மதிப்பிடப்படுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் அளந்து பார்க்க வேண்டும். கணினியிலிருந்து குருட்டாம்போக்கில் 320 பொருளை எடுங்கள். உண்மை நிலை 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால், இத்தனை மாதிரி ஐந்து புள்ளி கூடுதல் குறைவுக்குள் விடை சொல்லும். கிடங்குக்குப் போய், டேப்பும் தராசும் ஸ்கேனரும் வைத்து ஒவ்வொன்றையும் நேரில் பாருங்கள். ஒன்றுக்கு எட்டு நிமிடம் என்றால் 43 மணி நேரம். ஒரு குழுவுக்கு ஒரு வாரம். கணினியைக் கணினியோடு ஒப்பிடுவது அளவீடு ஆகாது. கொள்முதல் பிரிவு இதைச் செய்யக் கூடாது. கிடங்குப் பிரிவு செய்யட்டும், ஏனென்றால் தவறான தரவால் முதுகு ஒடிபவர்கள் அவர்கள்.

அடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொந்தக்காரர். அளவும் எடையும் கேஸ் பேக்கும் கிடங்குக்கு, விலையும் நாணயமும் கொள்முதலுக்கு, சுங்கக் குறியீடும் உற்பத்தி நாடும் இறக்குமதிப் பிரிவுக்கு. சப்ளையர் தருவது முன்மொழிவு மட்டுமே. ஒரு பதிவுக்கு மொத்தமாக ஒரு பொறுப்பாளர் என்று வைத்தால் யாருக்கும் பொறுப்பில்லை என்று பொருள்.

மூன்றாவது கதவு. ஒவ்வொரு பதிவும் வரைவு, தயார், நிறுத்தம் என்ற மூன்று நிலையில் ஒன்றில் இருக்கும். வரைவில் உள்ள பொருளுக்கு ஆர்டர் எழுதவே முடியாது. சரிபார்ப்பு இலக்கம், அடர்த்தி, எடைப் பெருக்கல், குறியீட்டு நீளம் எல்லாம் தேறினால்தான் தயார். விலை, நாணயம், கேஸ் பேக் மூன்றையும் இன்னொருவர் பழைய மதிப்பைப் பார்க்காமல் மறுபடி தட்ட வேண்டும்; இரண்டும் ஒத்தால் ஏற்பு. எல்லாக் கட்டத்துக்கும் இந்த இரட்டைத் தட்டல் வைத்தால் இரண்டாம் வாரமே கைவிடப்படும்.

நான்காவது, முதல் சரக்கு. புதிய பொருள் முதன்முறை கிடங்குக்கு வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணி, அளந்து, எடை போட்டு, ஸ்கேன் செய்துவிட்டுத்தான் மீதியை உள்ளே விட வேண்டும். பத்து நிமிட வேலை. சப்ளையர் பேக்கிங்கை மாற்றினாலும் இதே சோதனை; சொல்லாமல் மாற்றுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைக் கட்டினால் அதைத் தாண்ட வேண்டிய நாளும் வரும். பண்டிகைச் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், ஒரு கட்டம் தேறாது. மேலாளர் அனுமதியோடு தாண்டும் வழி ஒன்றை வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆள்கள் பொய் மதிப்பைப் போட்டுத் தாண்டுவார்கள், அது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. ஒவ்வொரு விலக்கிலும் அனுமதித்தவர் பெயர், எந்தக் கட்டம், என்ன காரணம் என்று பதிவாகட்டும். 14 நாளில் கட்டம் திருத்தப்படாவிட்டால் அந்தப் பொருள் தானாக நிறுத்த நிலைக்குத் திரும்பட்டும். திறந்திருக்கும் விலக்குகளின் பட்டியல் திங்கட்கிழமைதோறும் கிடங்கு மேலாளர் கைக்குப் போக வேண்டும், அனுமதி கொடுத்தவர் கைக்கு அல்ல.